கொடுத்தவர்: வேம்பு

செத்தவனுக்கு நலங்கு வைக்கிற மாதிரி இருந்தது வேம்புக்கு. மூடிப்போன ஆசிட் கம்பெனியில் அருங்காட்சியகம் வைக்கப் போகிறார்களாம். மைக் கட்டிய ஆட்டோ ஒன்று குப்பத்துக்குள் நுழைந்து, கம்பெனியின் பழைய சாமான் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள், உங்கள் பெயரைப் போட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்போம் என்று கத்திவிட்டுப் போனது. வேம்பு மணலில் நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகன் வெற்றி, காக்கா விரட்டுகிற வேலையை வெகு கவனமாகச் செய்துகொண்டிருந்தான். இருபது வயது தாண்டிய பிள்ளைக்குக் காக்கா விரட்டுவதுதான் உத்தியோகம். அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அதனால் பெரும்பாலும் நினைக்க மாட்டாள்.

ஆசிட் கம்பெனி திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற கடலோரச் சாலையில் இருக்கிறது. துறைமுகத்தில் இறங்கிய மஞ்சள் கந்தகத்தை லாரியில் கொண்டுவந்து எரித்து, அந்தப் புகையிலிருந்து ஆசிட் எடுத்த கம்பெனி. புகையைப் பிடித்து அடைக்க உள்ளே ஒரு பெரிய அறை கட்டியிருந்தார்கள். சுவர், தரை, கூரை எல்லாமே ஈயத் தகடு. அந்த ஆசிட் இரும்பைத் தின்னும், மரத்தைத் தின்னும், மனிதன் கையைத் தின்னும், ஈயத்தை மட்டும் ஒன்றும் செய்யாதாம். குப்பத்தில் அதற்கு ‘ஈய வூடு’ என்று பெயர். காலம் மாறி வேறு முறைகள் வந்தன, ஈய வீடு பூட்டிக் கிடந்தது, பிறகு கம்பெனியே பூட்டிக்கொண்டது. இப்போது முதலாளியின் பேரன் ரகுபதி ஒரு டிரஸ்ட் வைத்து, தாத்தாவின் புகழையும் ரசாயனத்தின் சரித்திரத்தையும் ஒரே கூரையின் கீழ் காப்பாற்றக் கிளம்பியிருந்தார்.

சரித்திரத்தைச் சேகரிக்க அவர் அனுப்பிய பெண்ணின் பெயர் மாயா. மாத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள், மணலி ரோட்டுத் தூசி தலை முழுக்க அப்பியிருக்கும். வேதியியல் படித்தவள், கெட்டிக்காரி, பேச்சில் மண்டைக்கனம் கிடையாது. பெயர் போடுகிறார்கள் என்றதும் குப்பமே அவளைச் சூழ்ந்துகொண்டது. ஒருவர் பிரம்புக் கூடை போட்ட ஆசிட் ஜாடியைக் கொண்டுவந்தார், அதில் அவர் வீட்டில் உப்புத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். இன்னொருவரிடம் கம்பெனியில் பொறுக்கிய, தங்கம் மாதிரி மினுங்குகிற கல் இருந்தது, தங்கமென்று நம்பி அவர் அப்பா அதைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்திருந்தாராம். டீக்கடை யேசுதாஸ் உடைந்த மிக்ஸி ஜாரைக் கொண்டுவந்து இதுவும் கம்பெனி சாமான்தான் என்று சத்தியம் செய்தார். மாயா சிரிக்காமல் அதையும் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“எல்லாம் கெடச்சிடுச்சு. கந்தகக் கட்டி, ஆசிட் ஜாடி, பழைய போட்டோ, சீமையிலேர்ந்து வந்த கடுதாசி எல்லாம் இருக்கு. ஈயம் மட்டும் ஒரு துண்டுகூட இல்ல. ஈய வீடு இல்லாம இந்த மியூசியம், மூலவர் இல்லாத கோயில் மாதிரி” என்று டீக்கடையில் அவள் சொன்னதை வேம்பு காதால் கேட்டாள். கேட்டதும் எழுந்து மெதுவாக வீட்டுக்குப் போய்விட்டாள். ஈயம் எங்கே போனது என்று குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

சுனாமியில் படகும் போய் வலையும் போய்க் குப்பம் கட்டிய துணியோடு நின்ற நாட்கள் அவை. அதே அலை கம்பெனியின் பின்பக்க மதிலையும் படுக்கவைத்துவிட்டுப் போயிருந்தது. நிவாரணமாக நூல் வந்தது, வலை வந்தது, ஆனால் வலையை அடியில் இழுத்துப்பிடிக்கிற ஈயக்குண்டுக்கு யாரும் கவலைப்படவில்லை. குண்டு இல்லாத வீச்சுவலை தண்ணீரில் போர்வை மாதிரி மிதக்கும். ஆம்பளைகள் விழுந்த மதிலைத் தாண்டிப் போய் ஈய வீட்டைத் துண்டு துண்டாக வெட்டித் தோளில் சுமந்து வந்தார்கள். வாட்ச்மேன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. வேம்புவின் கணவன் சுப்புராயன் கொண்டுவந்த தகடு மட்டுமே கட்டிலுக்கு அடியில் பல வருஷம் கிடந்தது. ஒரு வலைக்கு வேண்டிய அளவு வெட்டுவார்கள், உருக்குவார்கள், மிச்சத்தைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார்கள்.

மறுநாளே மாயா வேம்புவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தண்ணீர் கேட்டுத்தான் வந்தாள். குடித்துக்கொண்டிருந்தவளின் கண், சுவரோரம் தொங்கிய பழைய வலையில் போய் நின்றது. சொம்பைக் கீழே வைத்தாள். பையிலிருந்து ஒரு ஜோடி கையுறை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகுதான் வலையின் அடி ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

வேம்புக்குச் சிரிப்பு வந்தது. “இன்னா மேடம், ஈயத்துக்குப் போயி கையுறையா? நாங்க இத்த வெறுங்கையில பெசஞ்சவங்க.”

“பழைய பொருள்மா. கையில இருக்கிற அழுக்கு, எண்ணெ பட்டா கெட்டுடும்.”

“அப்டியா? அவ்ளோ ஒசந்த பொருளா இது!”

“இந்தக் குண்டெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?”

வேம்பு வலையின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஊர் முழுக்கத் திருடியிருந்தாலும் பிடிபட்டவள் நானா என்று நினைத்தாள். “அத்த வுடு மேடம். அல்லாரும்தான் எட்த்தாங்க. எங்கூட்டுக்காரர மட்டும் புழல் ஜெயிலுக்கு இட்டுகினு போவாங்களா இன்னா?”

“ஐயோ, இது திருட்டு இல்லம்மா. சரித்திரம்.” மாயாவின் குரல் நடுங்கியது, சந்தோஷத்தில். “ஈய வீட்டுல மிச்சம் இருக்கிறதே இதுதான். இது என்ன, ஒவ்வொரு குண்டுலயும் பள்ளம் பள்ளமா?”

“பல்லு.”

“பல்லா?”

சரித்திரம் என்று பெயர் வைத்தால் திருட்டுக்கே மரியாதை வந்துவிடுகிறது, வேம்புக்கு வராதா? பயம் போய் அவளுக்குப் பெருமை பொங்கியது. எப்படிச் செய்வார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். தகட்டை வாணலியில் போட்டு இந்த அடுப்பில்தான் உருக்குவார்கள். சாம்பலில் விரலால் கோடு கிழித்து ஊற்றினால் கம்பி கம்பியாக வரும். அதைத் தட்டி மெல்லிசாக்கி நறுக்கி, வலையின் அடிக்கயிற்றில் சுற்றிப் பல்லால் ஒரு கடி கடித்தால் ஈயத்தின் வாய் மூடிக்கொள்ளும். குறடால் நெரித்தால் கயிறு நைந்துபோகும், பல்லுக்குத்தான் பதம் தெரியும். இரண்டு கையும் கயிற்றைப் பிடித்திருக்கும் என்பதால் கடிக்கிறவர் நறுக்கிய துண்டுகளை வாயிலேயே கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ஒன்றொன்றாக நாக்கால் முன்னுக்குத் தள்ளுவார்.

“இதுல கீறது அல்லாம் எங்க வெற்றி பல்லு. நாலு வயசுலயே அப்டி ஒரு கடி கடிப்பான். சின்ன வாயி, சின்னப் பல்லு, சும்மா பூ மாரி அமுத்துவான். அக்கம்பக்கத்துல வல கட்னாகூட அவனதான் கூப்ட்டுகினு போவாங்க. இனிக்குதுமான்னு சொல்லுவான் மேடம்! முட்டாயி குட்த்தாகூட வாணாம்பான், ஈயந்தான் வேணும்பான்.”

மாயா எழுதிக்கொண்டிருந்தாள். பேனா நின்றது. நிமிர்ந்து, வாசலில் காக்கா விரட்டிக்கொண்டிருந்த வெற்றியைப் பார்த்தாள். அவன் அவளுக்குக் கை காட்டினான்.

“படிக்கிறாரா?” என்று கேட்டாள்.

“எங்க? நாலாப்போட நின்னுட்டான். எத்தினி தபா சொன்னாலும் மண்டையில நிக்காது. கடலுக்கும் இட்டுகினு போவ மாட்றாங்க, கயிற வுடுன்னா புட்ச்சிகினு நிப்பானாம். நல்ல புள்ள மேடம், சூது வாது தெரியாது. எனக்கப்பறம் இவன் கதி இன்னான்றதுதான் என் பேஜாரு.”

அங்கேதான் வேம்புக்கு அந்த யோசனை உதித்தது. தான் கெட்டிக்காரத்தனமாகப் பேரம் பேசியதாகவே வெகு நாள் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். “வலைய எட்த்துக்க மேடம். துட்டு வாணாம். எம்புள்ளைக்கு அங்க ஒரு வேல போட்டுக் குடு. கூட்டுவான், தொடைப்பான், சொன்னத செய்வான்.”

மாயா மறுபேச்சில்லாமல் சரி என்றாள். இவ்வளவு சுலபமாக ஒருத்தி ஒத்துக்கொள்கிறாளே என்று வேம்பு ஆச்சரியப்பட்டாள். ஏன் என்று யோசிக்கவில்லை. கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் அவசரத்தில் யாரும் யோசிப்பதில்லை.

திறப்பு விழாவுக்கு ஷாமியானா போட்டு, ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள். உள்ளே, கந்தகக் கட்டி பெரிய கல்கண்டு மாதிரி விளக்கொளியில் ஜொலித்தது. பித்தளைத் தராசு, கண்ணாடிக் குடுவைகள், வேட்டி கட்டிய தொழிலாளிகள் வரிசையாக நிற்கிற போட்டோ. நடுநாயகமாக, ஆளுயரக் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்துத் தொங்கவிட்ட சுப்புராயனின் வலை. கீழே அட்டையில் அச்சு எழுத்து. வேம்பு ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்: கொடுத்தவர்: வேம்பு. அவள் பெயர் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் இருக்கிறது, ஆனால் அவளைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்ததில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரகுபதி நன்றாகப் பேசினார். வெள்ளை ஜிப்பா, தழதழத்த குரல். “சுனாமியில இந்த மக்கள் எல்லாத்தையும் இழந்து நின்னாங்க. எங்க ஆலையோட ஈயத்தை நாங்க அவங்களுக்குக் கொடுத்தோம். அந்த ஈயம் இன்னைக்குச் சரித்திரமா நம்மகிட்டத் திரும்பி வந்திருக்கு” என்றார். சுவரில் இருந்த பெரிய பலகையிலும் அதையே எழுதியிருந்தார்கள்: ஆலை நிர்வாகம் ஈயத் தகடுகளை மீனவ மக்களுக்கு அன்பளிப்பாக வழங்கியது. குப்பத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் யாருக்குக் கொடுத்தது? சுப்புராயன் வாய்க்குள் ஏதோ முனகினான். வேம்பு அவன் தொடையைக் கிள்ளினாள். திருட்டுப் பட்டம் போய் அன்பளிப்பு என்று பெயர் வருகிறதென்றால் வந்துவிட்டுப் போகட்டுமே! எல்லாரும் கை தட்டினார்கள். வேம்புவும் தட்டினாள், சத்தமாகவே தட்டினாள்.

வெற்றிக்கு நீலச் சட்டை கொடுத்தார்கள், சட்டைப்பையில் மியூசியத்தின் பெயர் தைத்திருந்தது. அவன் அதைப் போட்டுக்கொண்டு தூங்கக்கூடப் பார்த்தான். காலையில் தானாக எழுந்து, தானாகத் தலை வாரி, ஷேர் ஆட்டோக்காரனிடம் “மியூசியம் நிறுத்து” என்று சொல்லுகிற அளவுக்குத் தேறிவிட்டான். கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பதுதான் வேலை. வலைப் பெட்டியை மட்டும் இரண்டு முறை துடைப்பான். மதியச் சோற்றை வேம்பு எடுத்துக்கொண்டு போவாள். சூடாகச் சாப்பிடட்டும் என்று சாக்குச் சொன்னாலும், நீலச் சட்டையில் பிள்ளையைப் பார்க்கிற ஆசைதான். காக்கா விரட்டினவனா இவன்!

அப்படி அவள் சோறு எடுத்துப் போன ஒரு மதியம், வியாசர்பாடிப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். மாயா அவர்களை வலைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி விளக்கிக்கொண்டிருந்தாள். வேம்பு சுவரோரம் பெஞ்சில் தூக்குச்சட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தாள். தன் வலையைப் பற்றி டீச்சர் மாதிரி ஒருத்தி பேசுவதைக் கேட்க யாருக்குத்தான் கசக்கும்?

“ஆசிட் ஈயத்தை அரிக்காது. அதனாலதான் ஈயத்துல அறையே கட்டினாங்க. ஆனா ஈயம் மனுஷங்களுக்கு விஷம்” என்றாள் மாயா. “அதனாலதான் இத நாங்க பெட்டிக்குள்ள வெச்சிருக்கோம், கையுறை போட்டுத்தான் தொடுவோம். உருக்குற புகையும் விஷம், தூளும் விஷம். பெரியவங்களவிடச் சின்னக் குழந்தைங்களுக்கு ரொம்ப ஆபத்து. வாயில வெச்சா ரத்தத்துல கலந்து மூளைக்குப் போயிடும். அடிக்கடி வயித்துவலி வரும். பசிக்காது. சொன்னது மனசுல நிக்காது, படிப்பு ஏறாது. அப்பறம் என்ன வைத்தியம் பண்ணாலும் முழுசாச் சரியாகாது.”

வேம்புவின் கை தூக்குச்சட்டியின் பிடியில் அப்படியே இருந்தது. வயித்துவலி. ராத்திரியெல்லாம் சுருண்டு சுருண்டு அழுவான். பூச்சி என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள், திருஷ்டி என்று மாமியார் குப்பம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். சோறு வேண்டாம் என்பான். ‘அ’ எழுதச் சொன்னால் நேற்று எழுதியவன் இன்று மறந்திருப்பான். மாயா யாரைப் பார்த்து இதையெல்லாம் சொல்கிறாள்? வேம்புவின் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தவள் மாதிரியல்லவா சொல்கிறாள்!

ரெட்டை ஜடை போட்ட ஒரு பெண் கேட்டாள். “மிஸ், இதுல பல்லு பட்ட மாரி இருக்கே. இதக் கடிச்சவங்க என்ன ஆனாங்க?”

மாயா ஒரு கணம் தடுமாறினாள். பெஞ்சில் இருந்த வேம்புவை அவள் அதுவரை பார்க்கவில்லை. “அதெல்லாம் தெரியாதும்மா. அதுக்கு ரெக்கார்டு எதுவும் இல்ல.”

“எனக்குத் தெரியும்!” என்றான் வெற்றி.

துடைக்கிற துணியோடு பெட்டிக்குப் பின்னாலிருந்து வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை நாள் யாரும் கேட்காத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டுவிட்ட சந்தோஷம். “நான்தான் கட்ச்சன். என் பல்லு! நல்லா கட்ச்சேன்னு எங்கம்மா சொன்ச்சு. பாரு!” என்று வாயை ஈயென்று இளித்து, விரலால் உதட்டை விலக்கிக் காட்டினான்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வெற்றியும் சேர்ந்து சிரித்தான். ரெட்டை ஜடைப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவனைப் பார்த்தாள், பிறகு மாயாவைப் பார்த்தாள். மாயாவின் முகத்தில் ஈயாடவில்லை.

பிள்ளைகள் வேனில் ஏறிப் போகும்வரை வேம்பு எழுந்திருக்கவில்லை. மாயா வந்து பக்கத்தில் நின்றதும் கேட்டாள். “அன்னிக்கே உனக்குத் தெரியுமா?”

மேடம் என்ற சொல் எங்கோ விழுந்துவிட்டது.

“நானா வாயத் தொறந்து, இனிக்குதுன்னு சொல்வான்னு சொன்னனே. கேட்டுகினுதான நின்னே? அப்பவே தெரியுமா?”

“தெரியும்மா” என்றாள் மாயா. “சொல்லி இப்ப என்ன ஆகப்போகுது, உங்க மனசுதான் கஷ்டப்படும்னு... வேலையாவது வாங்கிக் குடுப்போம்னு...”

“கையுறைய மாட்டிகினியே. கை அழுக்கு பொருளுக்கு ஆவாதுன்னு சொன்னியே. பொருளு உன் கைக்கு ஆவாதுன்றதுதான அது?”

மாயா அழ ஆரம்பித்தாள். வேம்புக்கு அழுகை வரவில்லை. அழுகிறவளைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. எது எதற்கோ கணக்கு வைத்திருந்த மாதிரி அவளுக்கு ஒவ்வொன்றாக வந்தது. மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று மீன் அரிந்தாள், அதனால்தான் பிள்ளை இப்படிப் பிறந்தது என்று குப்பம்மா சாகிறவரை குத்திக்காட்டினாள். சோறு போடும்போது குத்துவாள், சொந்தக்காரர்கள் வந்தால் குத்துவாள். வேம்பு அதை நம்பினாள். நம்பி, மாமியாரையும் கிரகணத்தையும் சேர்த்துச் சபித்தாள். இப்போது கிரகணம் விலகிவிட்டது. விலகினதும் தெரிந்தது அவள் கைதான். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து நறுக்கி, வாயைத் தொறடா என் ராஜா என்று கன்னத்தில் அடக்கிவிட்ட கை. கிரகணமாகவே இருந்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா என்று அவள் மனதார ஆசைப்பட்டாள்.

வீட்டில் சுப்புராயனிடம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, “எட்த்துகினு வந்தது நானு” என்றான். எழுந்து கடற்கரைக்குப் போனவன், போட்ட சோற்றைத் தொடவே இல்லை.

மறுநாள் காலையிலேயே வேம்பு மியூசியத்துக்கு வந்துவிட்டாள். அட்டையைச் சுட்டிக் காட்டி மாயாவிடம் சொன்னாள். “குட்த்தவரு வேம்புன்னு போட்டுகீற. சரி, நான் குட்த்தேன், எம்புள்ளைக்கு நான்தான் குட்த்தேன். என் பேரு இருக்கட்டும். எனக்குக் குட்த்தது யாரு? அன்னிக்கி ஜிப்பா போட்டுகினு மேடையில, நாங்க குட்த்தோம்னு சொன்னாரே உங்க சாரு? பலகையிலயும் எழுதிகீதே? அவரு பேரையும் இதுல போடு. விஷம்னு தெரிஞ்ச கம்பெனி, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாத வுட்டுச்சுன்னு போடு. எம்புள்ள இன்னா ஆனான்னும் போடு. அந்தப் பொண்ணு கேட்டுச்சே, அதுக்குப் பதில் போடு.”

“நியாயம்தான்மா” என்றாள் மாயா. “நான் சார்கிட்டப் பேசுறேன்.” அவள் பேசினாள், அதில் பொய்யில்லை. மூடிய கதவுக்கு வெளியே ரகுபதியின் குரல் கேட்டது, தழதழப்பு இல்லாத குரல். வெளியே வந்தபோது மாயாவின் கண் தரையில் இருந்தது.

“வக்கீலக் கேக்கணும்னு சொல்றாரு. இத வெளிய பேசி பெரிசு பண்ண வேணாம்னு...” நிறுத்தினாள். “பண்ணினா, வெற்றியோட வேலை...”

அவள் முடிக்கவில்லை, முடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. உள்ளே வெற்றி நீலச் சட்டையில், நாக்கை ஒரு ஓரமாகத் துருத்திக்கொண்டு, கந்தகப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்கப்பறம் இவன் கதி என்ன என்கிற கேள்விக்கு வேம்புக்கு உலகத்தில் கிடைத்த ஒரே பதில் அந்தச் சட்டைதான். அதைக் கழற்றி வீசிவிட்டு வாடா நைனா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எங்கே இட்டுகினு போவாள்? திரும்பவும் காக்கா விரட்டவா? வாயை மூடிக்கொண்டாள். அத்தனை வருஷம் பிள்ளையின் வாயில் ஈயத்தைத் திணித்தவளின் வாயில் இப்போது அவர்கள் எதையோ திணித்தார்கள். இது இனிக்கவில்லை.

அடுத்த வாரம் பராமரிப்பு என்று சொல்லி மியூசியத்தை மூடினார்கள். திறந்த அன்று மதியம் வேம்பு வழக்கம் போலச் சோறு எடுத்துக்கொண்டு போனாள். மாயா அங்கே இல்லை, வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டதாகக் காவலாளி சொன்னான். சுவரில் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. வேம்பு நின்று எழுத்துக் கூட்டினாள். சு-னா-மி-யின் போது ஆலை வளாகத்திலிருந்த ஈயத் தகடுகள் அடையாளம் தெரியாத நபர்களால் க-ள-வா-டப்-பட்-டன.

கொடுத்தோம் என்றவர்கள் இப்போது கொடுக்கவில்லையாம். ஒரு வார்த்தையை மாற்றி எவ்வளவு சுத்தமாகக் கையைக் கழுவிக்கொண்டார்கள்! சரித்திரத்தைப் பாதுகாப்பது என்றால் இதுதான் போல. அன்று கை தட்டினாளே, அந்தக் கையை அவள் இப்போது என்ன செய்வது?

“மா” என்று வெற்றி அவள் கையைப் பிடித்து வலைப் பெட்டிக்கு இழுத்தான். வலையைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். பல் பட்ட குண்டுகள் இருந்த ஓரம் உள்பக்கமாக மடிந்து மறைந்திருந்தது. “என் பல்லக் காணமே?”

“உள்ள கீது நைனா. மட்ச்சி வெச்சிகீறாங்க.”

“இன்னாத்துக்கு?”

வேம்பு அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அவன் குனிந்து கீழே இருந்த அட்டையைப் பார்த்தான். புது அட்டை, பழையதைவிடப் பெரிய எழுத்து. “மா, இதுல இன்னா எய்திகீது?”

“பேரு.”

“என் பேரா?”

“இல்ல நைனா” என்றாள் வேம்பு. “என் பேரு மட்டுந்தான் கீது.”

அவன் முகம் மலர்ந்தது. அம்மா பெயராச்சே! துணியை மடித்து, கண்ணாடியில் வாயால் ஊதி ஈரமாக்கி, அந்தப் பெயர் இருந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை அழுத்தித் துடைத்தான்.